கோப்பைக்கு மறுநாள்: கால்பந்து இயக்குநரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கோயம்புத்தூரைச் சொந்த ஊராக வைத்து ஆடிய ஒரு கிளப் 2019-ல் ஐ-லீக் சாம்பியன் ஆனது. 2021-ல் அதே கிளப், உரிம விதிகளை நிறைவேற்றாததால் ஐ-லீக்கில் இருந்த இடத்தையே இழந்தது. நடுவில் இருந்தது இரண்டே ஆண்டு. கொங்கு நாட்டில் கிளப் நடத்துகிறவர்களும் நடத்த ஆசைப்படுகிறவர்களும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. கால்பந்து இயக்குநர் வேலைக்கு யாரை வைப்பது என்ற கேள்விக்குப் போகும் முன், அந்தக் கதையைச் சற்று விரிவாகப் பார்த்துவிடலாம்.

சென்னை சிட்டி எஃப்.சி. 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கியது. ஐ-லீக்குக்கு அது வந்தது 2016 டிசம்பரில். பிறகு தன் ஆட்டங்களைக் கோவை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றிக்கொண்டது. 2017-18 சீசனில் 10 அணிகளில் 8-வது இடம். கீழே இறங்காமல் தப்பித்ததே பெரிது என்ற நிலை. அடுத்த சீசனில் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ, எஸ்லாவா, கோல் கீப்பர் நவுசெட் என்று ஸ்பெயினில் இருந்து வந்த ஒரு கூட்டம். இவர்களில் ஒருவர் பெயரைக்கூட அதற்கு முன் நம் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். இவர்களோடு எட்வின் வான்ஸ்பால், அஜித்குமார், பிரவித்தோ ராஜு, ரெஜின், அலெக்சாண்டர் ரோமாரியோ என்று நம் பையன்கள். மான்சி மட்டும் அந்த சீசனில் 21 கோல் போட்டார்.

2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டம், நேரு ஸ்டேடியத்தில், மினர்வா பஞ்சாபுக்கு எதிராக. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து, இங்கே நாம் ஜெயிக்காமல் போனால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடமே மினர்வா கோல் அடித்துவிட்டது. முதல் பாதி முழுக்க ஸ்டேடியம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் அசாமைச் சேர்ந்த டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டு கோல் போட, ஆட்டம் 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்துவிட்டது. 20 ஆட்டங்களில் நமக்கு 43 புள்ளி, அவர்களுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை கோவையில் தங்கியது.

பட்டம் வென்ற அணிக்கு மறுநாள் முதல் ஆரம்பிக்கிற தலைவலி வேறு வகை. நெஸ்டர் போனார். அது ஒப்பந்தத் தகராறாகி அகில இந்திய கால்பந்து சம்மேளனம் வரை சென்று, அவருக்கு 4 மாதத் தடையில் முடிந்தது. எட்வின் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். அஜித்குமார் பெங்களூருவுக்கு. மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானுக்கு. அந்த மாதமே ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றது கிளப். அதுவும் நம் 'ஹோம்' ஆட்டம், ஆனால் நடந்தது அகமதாபாத்தில். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் 2019-லேயே 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. அவ்வளவு பெரிய கை தோளில் இருந்தும் கிளப் சரிந்தது. நடுவில் கொரோனா வந்தது உண்மை. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமாகாது. ஆனால் கொரோனா எல்லாக் கிளப்புக்கும் வந்தது. எல்லாக் கிளப்பும் இடத்தை இழக்கவில்லை. பக்கத்தில் கோகுலம் கேரளா 2020-21-லும் 2021-22-லும் அடுத்தடுத்து ஐ-லீக் பட்டம் வென்றது.

இதில் யார் குற்றவாளி என்று தேடுவது இந்த அத்தியாயத்தின் வேலை இல்லை. ஒரு நல்ல கோச், நல்ல தேர்வு, ஆசையுள்ள உரிமையாளர் மூன்றும் சேர்ந்தால் ஒரு சீசனில் நாட்டையே ஜெயிக்கலாம் என்று கோவை காட்டிவிட்டது. அந்த மூன்றில் ஒன்று நகர்ந்தாலும் கிளப் நிற்க வேண்டும். நிற்க வைப்பதுதான் கால்பந்து இயக்குநரின் வேலை. கோப்பைக்கு மறுநாள் என்ன செய்வது என்பதைக் கோப்பைக்கு ஆறு மாதம் முன்பே எழுதி வைத்திருப்பவர் யாரோ, அவரைத்தான் தேடுகிறோம்.

யாருக்கு எந்த வேலை

நம் ஊர்க் கிளப்களில் வழக்கமாக எல்லாமே இரண்டு பேர் கையில் இருக்கும்: உரிமையாளர், கோச். ஆள் எடுப்பது கோச். சம்பளம் பேசுவது உரிமையாளர். கோச் போனால் அவர் எடுத்த ஆட்கள் அனாதை. புது கோச் வந்து, "இவங்க யாரும் எனக்கு ஒத்துவர மாட்டாங்க" என்று மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பார். ஒரு சீசனுக்கு ஒரு கோச் மாறும் நாட்டில் இது ஒவ்வொரு ஆண்டும் புதுக் கிளப் தொடங்குவதற்குச் சமம். செலவும் அப்படித்தான்.

கால்பந்து இயக்குநர் இந்த இருவருக்கும் நடுவில் இருப்பவர். கிளப் எப்படி ஆட வேண்டும் என்று எழுதி வைப்பது, அந்த ஆட்டத்துக்குத் தக்க கோச்சைத் தேடுவது, வீரர்களை எடுப்பது, விற்பது, இளையோர் அணிகளையும் முதல் அணியையும் ஒரே பாதையில் கொண்டுபோவது, மருத்துவம், வீடியோ அனலிஸ்ட், ஸ்கவுட் எல்லாரையும் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. சனிக்கிழமை ஆட்டத்தில் யார் இறங்குவது என்பது கோச்சின் முடிவு. அதில் இயக்குநர் வாயே திறக்கக் கூடாது. ஆட்டம் நடக்கும்போது டக்-அவுட்டில் வந்து உட்காரும் இயக்குநரை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

ஸ்பின்னிங் மில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பஞ்சு வாங்குகிறவர் தவறினால் எவ்வளவு கெட்டிக்கார ஸ்பின்னிங் மாஸ்டர் வந்தும் நூல் தேறாது. ஸ்டேப்பிள் நீளம், மைக்ரோனேர், ஈரம், குப்பை எல்லாம் பார்த்து, விலை ஏறுவதற்கு முன், அடுத்த சில மாதத்துக்கு வேண்டியதைக் கணக்குப் போட்டு வாங்குகிற அந்த ஆளை எந்த முதலாளியும் மாஸ்டரின் கீழ் வைப்பதில்லை. நேராகத் தன்னிடமே வைத்துக்கொள்வார். கால்பந்து இயக்குநரையும் அப்படியே வையுங்கள். கோச் அவரிடம் பதில் சொல்ல வேண்டும். அவர் உங்களிடம் பதில் சொல்ல வேண்டும்.

பெரிய வீரராக இருந்தாரா என்று கேட்காதீர்கள்

முதல் சபலம் பெயர். இந்தியாவுக்கு ஆடியவர், சந்தோஷ் டிராஃபி கேப்டன், பத்திரிகையில் படம் வந்தவர். கிளப் திறப்பு விழாவுக்கு அது அழகு. வேலைக்கு அது போதாது.

இந்த வேலையில் உலகில் மிகவும் பேசப்படும் பெயர் ஸ்பெயினின் செவில்லா கிளப்பில் இயக்குநராக இருந்த மொஞ்சி. அவர் அதே கிளப்பின் கோல் கீப்பராக இருந்தவர். பெரும்பாலும் மாற்று கீப்பராகப் பெஞ்சில் உட்கார்ந்தவர். 2000-ல் செவில்லா இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய நேரத்தில், கையில் பணமே இல்லாதபோது அவர் பொறுப்பேற்றார். உள்ளூர் இளையோர் அணியில் இருந்து செர்ஜியோ ராமோசும் ஹெசுஸ் நவாசும் வந்தார்கள். பிரேசிலில் இருந்து டானி ஆல்வெஸ் என்ற பையனைக் கொண்டுவந்தார். சில ஆண்டு ஆடவைத்து 2008-ல் பார்சலோனாவுக்கு விற்றார். 2006, 2007, பிறகு 2014, 2015, 2016 என்று யூஃபா கோப்பையும் யூரோபா லீக்கும் செவில்லாவுக்கு வந்தன. லிவர்பூலில் அதே வேலையில் இருந்த மைக்கேல் எட்வர்ட்ஸ் தொழில்முறையில் பெயர் வாங்கிய வீரரே இல்லை. போர்ட்ஸ்மவுத் கிளப்பில் ஆட்டங்களை அலசும் அனலிஸ்டாக ஆரம்பித்தவர்.

இந்த இருவரும் ஒரே பேரத்தில் எதிரெதிரே இருந்தார்கள். 2017 கோடையில் ரோமாவிடம் இருந்து மொகமத் சாலாவை லிவர்பூல் வாங்கியது. அப்போது ரோமாவின் இயக்குநர் மொஞ்சி. ஐரோப்பிய நிதி விதிகளுக்காக ஜூன் 30-க்குள் கணக்கைச் சரிசெய்ய வேண்டிய கட்டாயத்தில் ரோமா இருந்தது. விற்க வேண்டி வந்தது. லிவர்பூல் பக்கம், கோச் யூர்கன் கிளாப்பின் மனதில் வேறு ஒரு வீரர் இருந்தார். எட்வர்ட்சும் அவர் ஆட்களும் சாலாதான் வேண்டும் என்று விடாமல் சொன்னதைக் கிளாப் பின்னாளில் தானே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். செவில்லாவில் அற்புதம் செய்த மொஞ்சிக்கு ரோமா ஒத்துவரவில்லை. 2019-ல் செவில்லாவுக்கே திரும்பிவிட்டார்.

இதில் இருந்து கொங்கு நாட்டு உரிமையாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது: ஒரு ஊரில் வெற்றி பெற்றவர் இன்னொரு ஊரிலும் பெறுவார் என்று எழுதிக் கொடுக்க முடியாது. எனவே விண்ணப்பத்தில் கோப்பைகளின் பட்டியலைப் பார்க்காதீர்கள். ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். "நீங்கள் எடுத்த ஒரு வீரர். அவரை எப்போது முதலில் பார்த்தீர்கள், எத்தனை ஆட்டம் பார்த்தீர்கள், வேண்டாம் என்று சொன்னவர் யார், கடைசியில் எவ்வளவுக்கு எடுத்தீர்கள், அவர் கிளப்பை விட்டு எப்படிப் போனார்?" உண்மையில் செய்தவர் அரை மணி நேரம் பேசுவார். பக்கத்தில் நின்றவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

ஊரும் மண்ணும் தெரிந்தவர்

தமிழ்நாட்டில் கால்பந்து எல்லா இடத்திலும் ஒரே அளவில் விளைவதில்லை. சென்னையில் வியாசர்பாடி. தெற்கே தூத்தூர், இரவிபுத்தன்துறை என்று குமரிக் கடற்கரைக் கிராமங்கள். மைக்கேல் சூசைராஜ் அந்தக் கடற்கரையில் இருந்து வந்தவர்தான். சென்னை சிட்டியில் ஆடி, இந்தியன் சூப்பர் லீக்குக்கு (ஐ.எஸ்.எல்.) போனார். நந்தகுமார் சேகரும் சென்னை சிட்டி சட்டை போட்டவர். 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானை வென்ற கோல் அவருடையது. மேற்கே நீலகிரியில் வெலிங்டன், அருவங்காடு பக்கமும், வால்பாறை எஸ்டேட்களிலும் பந்து உதைக்காத பையனைப் பார்ப்பது கடினம். கணவாயைத் தாண்டினால் பாலக்காடு. அதற்கு அப்பால் மலப்புரத்தில் அறுவடை முடிந்த வயலில் நடக்கும் செவன்ஸ் ஆட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம்.

கோவை இந்த எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது. ஐரோப்பாவில் வலைவீசும் முன் இந்த வட்டத்தைச் சல்லடை போட்டவரா என்று பாருங்கள். கொங்கு நாட்டின் பலமே கல்லூரிகள். பொறியியல், கலைக் கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வரும் பையன்கள், அவர்களை ஆடவைக்கும் உடற்கல்வி இயக்குநர்கள். இந்த பி.டி. ஆசிரியர்களிடம் மரியாதையாகப் பேசி நட்பு வைத்துக்கொள்ளத் தெரியாத கால்பந்து இயக்குநர், ஸ்பெயினில் எத்தனை ஏஜென்ட் தெரிந்தாலும் இங்கே பாதி ஆள்தான்.

தமிழ் தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்திருந்தால் நல்லது என்பேன். கட்டாயம் என்று சொல்லமாட்டேன். கேரளா பிளாஸ்டர்ஸ் 2020-ல் கரோலிஸ் ஸ்கின்கிஸ் என்ற லிதுவேனியாக்காரரை ஸ்போர்ட்டிங் டைரக்டராக வைத்தது. 2021-ல் உருகுவேயின் அட்ரியன் லூனாவும், கோச் இவான் வுகோமனோவிச்சும் வந்தார்கள். அந்த சீசனே கிளப் இறுதிப்போட்டிக்குப் போனது. வெளியாள் வந்து சாதிக்க முடியும். அப்படி ஒருவரை எடுத்தால், 16 வயதுப் பையனின் அம்மாவிடம் தரையில் உட்கார்ந்து பேசி, "ஹாஸ்டல்ல சோறு எப்படிங்க, படிப்பு நின்னு போயிருமாங்க" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கூடிய உள்ளூர் உதவியாளரை அவருக்குக் கீழே முதல் நாளே வையுங்கள். நல்ல பையனைக் கிளப் பெறுவதும் இழப்பதும் அந்த வீட்டுத் திண்ணையில்தான்.

இன்னொன்று. இளையோர் அணியில் வயது ஏமாற்று இந்தியக் கால்பந்தின் பழைய நோய். பிறப்புச் சான்றிதழ் எந்த ஆண்டில் பதியப்பட்டது, பள்ளிச் சேர்க்கைப் பதிவோடு பொருந்துகிறதா என்று தானே உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் உள்ளவரா? 15 வயதுப் பிரிவில் 18 வயதுப் பையனை வைத்துக் கோப்பை வாங்கியவரை எடுத்தீர்கள் என்றால், மூன்று ஆண்டு கழித்து உங்கள் முதல் அணிக்கு வர ஒரு பையனும் மிஞ்சமாட்டான்.

காகிதம் படிக்கிறவர்

இந்தப் பகுதி வறட்சியாகத் தோன்றும். ஆனால் கோவைக் கதையில் வலி இங்கேதான் இருக்கிறது.

கிளப் உரிமம் என்பது ஐந்து தலைப்புகளில் நடக்கும் பரீட்சை: விளையாட்டு, கட்டமைப்பு, ஆட்களும் நிர்வாகமும், சட்டம், நிதி. இளையோர் அணிகள் இருக்கின்றனவா, கோச்சுகளிடம் தேவையான லைசென்ஸ் இருக்கிறதா, மைதானத்துக்கு ஒப்பந்தம் உண்டா, வீரர்களுக்கோ ஊழியர்களுக்கோ சம்பளப் பாக்கி இருக்கிறதா. இவற்றில் பாதி நேராகக் கால்பந்து இயக்குநரின் மேஜையில் இருப்பவை. நேரு ஸ்டேடியம் பொது மைதானம். ஓடுபாதையோடு சேர்ந்தது. கிளப்பின் சொத்து அல்ல. அதை எந்த மாதத்தில், எத்தனை நாளுக்கு, என்ன நிபந்தனையில் எழுதி வாங்குவது என்பதில் இருந்து, மாற்று மைதானம் எது என்பது வரை சீசனுக்கு முன்பே அவரிடம் தாள் இருக்க வேண்டும். வேட்பாளரிடம் நடப்பு உரிம விதிகளைக் கொடுத்து, "நம் கிளப் இன்றைக்கு எங்கே தவறும், ஒரு வாரத்தில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியாது.

அடுத்தது ஒப்பந்தம். நல்ல வீரரை ஒரு சீசனுக்கு மட்டும் எழுதினால், அவர் ஜொலித்த மறுகணம் வேறு கிளப் இலவசமாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். மூன்று ஆண்டு எழுதினால், சரிவராதபோது சம்பளம் கழுத்தை நெரிக்கும். யாருக்கு எத்தனை ஆண்டு, யாருக்கு வெளியேறும் தொகை, யாருக்குக் கிளப் விரும்பினால் ஓர் ஆண்டு நீட்டிக்கும் உரிமை என்பதை வயதையும் இடத்தையும் பார்த்து எழுதுகிற நுணுக்கம் வேண்டும். வீரர் வெளிநாட்டுக் கிளப்புக்குப் பணத்துக்கு மாறும்போது, ஃபிஃபா விதிப்படி அந்தத் தொகையில் 5 சதவீதம், 12 வயதில் இருந்து 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். நீங்கள் சோறு போட்டு வளர்த்த பையனுக்கு உங்கள் பங்கு வரவேண்டும் என்றால், அவன் உங்களிடம் ஆடிய ஒவ்வொரு ஆண்டும் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் பங்கும் இல்லை. உள்ளூர் அகாடமிகள் இதில் கோட்டைவிடுவது மனதைக் கனக்க வைக்கிறது.

ஏஜென்ட்கள் விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். ஃபிஃபா உரிமம் உள்ள ஏஜென்ட்டோடு மட்டும் பேச வேண்டும். இயக்குநருக்கோ அவர் குடும்பத்துக்கோ எந்த ஏஜென்சியோடும் பணத் தொடர்பு இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரே ஏஜென்ட்டின் ஆட்கள் அணியில் நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டால் ஏன் என்று கேளுங்கள். சில நேரம் நல்ல காரணம் இருக்கும். கேட்காமல் விட்டால் கெட்ட காரணத்துக்கும் வழி திறந்துவிடுகிறது.

கடைசியாக, லீக்கே நின்றுபோனால்? இது கற்பனைக் கேள்வி இல்லை. சம்மேளனத்துக்கும் வணிகப் பங்காளிக்கும் இடையிலான ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருக்க, அந்த ஆண்டு ஜூலையிலேயே ஐ.எஸ்.எல். அடுத்த சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது. பெரிய கிளப்களே முதல் அணிப் பணிகளையும் சம்பளத்தையும் நிறுத்தும் நிலைக்கு வந்தன. ஆட்டமே இல்லாத ஆறு மாதத்தில் இளையோர் அணிகளையும் ஹாஸ்டலையும் எப்படி ஓட்டுவது என்பதற்கு ஒரு திட்டம், அதற்கான தொகையோடு, வேட்பாளர் சொல்ல வேண்டும்.

நேர்காணலில்

பவர்பாயிண்ட் பார்த்து மயங்காதீர்கள். வேட்பாளரை ஒரு மாவட்ட லீக் ஆட்டத்துக்கோ கல்லூரி டோர்னமெண்ட்டுக்கோ அழைத்துப் போங்கள். பந்து இருக்கும் இடத்தையே பார்க்கிறாரா, பந்து இல்லாதபோது பையன் என்ன செய்கிறான் என்று பார்க்கிறாரா? கோல் வாங்கியபின் யார் தலையைத் தொங்கப் போடுகிறான், யார் பந்தை எடுத்துக்கொண்டு சென்டருக்கு ஓடுகிறான் என்று குறிக்கிறாரா? ஆட்டம் முடிந்ததும் பெரிய மனிதர்கள் இருக்கும் பக்கம் போகிறாரா, பையனின் கோச்சைத் தேடிப் போகிறாரா? இரண்டு மணி நேரத்தில் பாதி விடை கிடைத்துவிடும்.

மேஜையில் உட்கார்ந்தபின் இப்படி ஒரு கேள்வி போடலாம்.

"ஏனுங்க, நம்ம கோச்சு நாளைக்கே வேலைய உட்டுட்டுப் போறாருன்னு வெச்சுக்குங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஒருவர் சொல்வார்: "நமக்கு வேண்டிய கோச்சு ஒருத்தர் இருக்காருங்க. ஒரு போன் போட்டா வந்துருவாருங்க."

இன்னொருவர் சொல்வார்: "நம்ம டீமு எப்படி ஆடோணும்னு எழுதி வெச்சிருக்கமுங்களா? அது இருந்தா, அதுக்கு ஒத்து வர்ற மூணு கோச்சு பேரு எப்பவும் எங்கிட்ட இருக்குமுங்க. மாசத்துக்கு ஒருக்கா அத மாத்திக்கிட்டே இருப்பனுங்க. எழுதலீன்னா, மொத வேல அதுதானுங்க."

இரண்டாமவரோடு பேச்சைத் தொடருங்கள். கோச்சுக்கு இருப்பதுபோல் அணியின் ஒவ்வொரு இடத்துக்கும் மாற்றுப் பட்டியல் வைத்திருப்பாரா என்று கேளுங்கள். வலது பக்க டிஃபெண்டர் போனால் நம் இளையோர் அணியில் இருந்து யார், தமிழ்நாட்டில் இருந்து யார், வெளியே இருந்து யார். 21 கோல் போட்ட ஸ்ட்ரைக்கர் பாதி சீசனில் கிளம்பினால் அடுத்த வாரம் யார். கோவை இதற்கான விலையைக் கொடுத்துவிட்டது. இன்னொருமுறை கொடுக்க வேண்டாம்.

உங்களிடமே 'வேண்டாம்' என்று சொல்லக் கூடியவர்

கொங்கு நாட்டு உரிமையாளர்கள் தொழிலைத் தம் கையால் கட்டியவர்கள். பம்ப்செட், நூற்பாலை, பனியன், கோழிப்பண்ணை எதுவானாலும் பட்டறையில் நின்று பார்த்தவர்கள். அதனால் எல்லாவற்றையும் நாமே முடிவு செய்யலாம் என்ற நம்பிக்கை இயல்பு. கால்பந்தில் அந்த நம்பிக்கை செலவு வைக்கும். யூடியூபில் நான்கு நிமிட வீடியோ பார்த்துப் பிடித்துப்போன பிரேசில்காரர், நண்பர் சிபாரிசு செய்த பையன், மைத்துனர் மகன் எல்லாரும் உங்கள் வழியாகத்தான் அணிக்குள் வரப் பார்ப்பார்கள். "அண்ணா, இந்தப் பையன் நமக்கு ஆகாதுங்ணா. ஏன்னு சொல்றனுங்க" என்று உங்கள் முகத்துக்கு நேரே, மரியாதை குறையாமல், காரணத்தோடு சொல்லக் கூடியவர் வேண்டும். நீங்களும் ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு பட்ஜெட், அதற்கு மேல் போனால் உங்கள் கையெழுத்து. அந்தத் தொகைக்குள் அவர் முடிவே முடிவு. இதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுக்கு இருக்கட்டும். புள்ளிப் பட்டியலை வைத்து மட்டும் அவரை எடைபோடாதீர்கள். இளையோர் அணியில் இருந்து முதல் அணிக்கு எத்தனை பேர் வந்தார்கள், சம்பளப் பாக்கி இல்லாமல் சீசன் முடிந்ததா, உரிமம் முதல் முயற்சியில் கிடைத்ததா, போன வீரர்கள் கிளப்புக்கு எதையாவது விட்டுவிட்டுப் போனார்களா என்று பாருங்கள். ஓர் ஆண்டு 6-வது இடத்தில் முடித்து இந்த நான்கும் சரியாக இருந்தால் அவரை விடாதீர்கள்.

பெண்கள் அணியைப் பற்றி அவர் பேசுகிறாரா?

நீங்கள் கேட்காமலே அவர் பேசினால் நல்ல அறிகுறி. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023-ல் அம்ரித்சரில் மறுபடி. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. கோவையில் ஆண்கள் கோப்பை வாங்கிய அதே ஆண்டு. ஆண்கள் அணிக்கு ஒரு வெளிநாட்டு ஸ்ட்ரைக்கருக்குக் கொடுக்கும் பணத்தில், பெண்கள் பிரிவுக்கு நல்ல கோச்சும் பாதுகாப்பான ஹாஸ்டலும் போக்குவரத்தும் ஏற்பாடு செய்துவிடலாம் என்பது என் கணிப்பு. தேசிய அளவில் தமிழ்நாடு நிஜமாகவே முன்னணியில் இருக்கும் இடம் இது. அதைக் கணக்கில் எடுக்காத திட்டத்தோடு வருகிறவர் பாடத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்.

ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்பீர்கள். நம்மிடமே இருக்கிறார்கள். இந்தியன் வங்கிக்கு ஆடி, பின்னர் சென்னையின் எஃப்.சி.யில் பயிற்சியாளராக இருந்த சென்னைக்காரர் சையத் சபீர் பாஷா 2023-ல் அகில இந்திய சம்மேளனத்தின் டெக்னிக்கல் டைரக்டர் ஆனார். அவரைப் போல கோச்சிங்கில் இருந்து நிர்வாகத்துக்கு நகரும் மனம் உள்ளவர்கள், ஐ.எஸ்.எல். கிளப்களில் இரண்டாம் இடத்தில் இருக்கும் ஸ்கவுட்டுகள், இளையோர் பிரிவுத் தலைவர்கள், அனலிஸ்ட்டுகள் என்று தேடுங்கள். இரண்டாம் இடத்தில் இருந்து முதல் இடத்துக்கு ஏங்கும் 38 வயதுக்காரர், முதல் இடத்தில் களைத்துப்போன 60 வயதுக்காரரைவிட உங்களுக்கு உகந்தவர்.

தேடலைச் சீசன் முடிந்தபின் தொடங்காதீர்கள். அப்போது நல்லவர்கள் எல்லாரும் அடுத்த அணியைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஜனவரியில் பேச ஆரம்பியுங்கள். மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். அவர் உள்ளே வந்து முதல் வேலையாக உரிம விண்ணப்பத்தைக் கையில் எடுக்கட்டும். வீரர் தேர்வு அதற்குப் பிறகு போதும்.